அடக்கிய ஆசையும் புது நாடகமும்

நாடகம் மனத்துக்கு ஒரு வடிகால் என்று சொல்வது வெகுகாலமாகப் பழகிப்போன வார்த்தை. வீட்டிலும் காரியாலயத்திலும் வெளியே சொல்ல முடியாமல் நாம் உள்ளே அடக்கி வைத்திருப்பதை மேடை நமக்காகச் சொல்லிவிடுகிறது. நாம் சுமை குறைந்தவர்களாக வீடு திரும்புகிறோம் என்பது அதன் பொருள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வார்த்தையை அப்படியே மெய்யென்று நம்பி, மேடையில் அதைச் செய்தும் பார்த்துவிட்ட சிலர் இருந்தார்கள். அவர்கள் முயற்சி என்னவாயிற்று என்று கவனித்தால், வடிகால் என்ற உவமையே சரிதானா என்ற சந்தேகம் எழுகிறது.

உவமை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்துக்கு இலக்கணம் சொல்லும்போது 'கதார்சிஸ்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போனார். பரிவாலும் அச்சத்தாலும் ஏற்படும் ஒருவகைச் சுத்தம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். எப்படிப்பட்ட சுத்தம் என்று அவர் விளக்கவில்லை. அறநெறிப்பட்ட தூய்மை என்றே பல நூற்றாண்டுகள் சொல்லி வந்தார்கள். 1857-ல் யாக்கோப் பெர்னாய்ஸ் என்ற ஜெர்மன் மொழியறிஞர், அப்படியல்ல, அது வைத்தியத்திலிருந்து வந்த சொல், பேதி மருந்து வயிற்றுக்குச் செய்வதை நாடகம் மனத்துக்குச் செய்கிறது என்று வாதித்தார். இந்தப் பெர்னாய்ஸின் சகோதரர் மகளைத்தான் பின்னால் சிக்மண்ட் ப்ராய்ட் மணந்துகொண்டார். 1895-ல் ப்ராய்டும் ப்ராயரும் ஹிஸ்டீரியாவைப் பற்றி எழுதிய நூலில், தங்கள் சிகிச்சைக்குக் 'கதார்சிஸ் முறை' என்றே பெயர் வைத்தார்கள். நாடகக் கொட்டகையில் பிறந்த சொல் வைத்தியசாலைக்குள் நுழைந்த கதை இதுதான்.

இதில் பலரும் மறந்துவிடுகிற ஒரு பகுதி உண்டு. ப்ராய்ட் அந்த முறையோடு நின்றுவிடவில்லை. அடக்கி வைத்த உணர்ச்சியை ஒரு தடவை கொட்டிவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு நீடிக்கவில்லை. 1914-ல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் சொல்வது இது: நோயாளி எதை நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லையோ அதைச் செய்து காட்டுகிறான், செய்கிறோம் என்று தெரியாமலே திரும்பத் திரும்பச் செய்கிறான். செய்து காட்டுவது நோயின் ஒரு அம்சமே ஒழிய, குணமாவதன் அடையாளம் அல்ல. குணம் வேண்டுமானால் அதை அடையாளம் கண்டுகொண்டு, அதனோடு நெடுநாள் பாடுபட வேண்டும். வைத்தியர் இப்படித் தள்ளி வைத்த மருந்தைத்தான் நாடகக்காரர்கள் ஐம்பது வருஷம் கழித்து மிகுந்த உற்சாகத்துடன் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களுக்கு ஆதி குரு அந்தோனின் ஆர்த்தோ என்ற பிரெஞ்சுக்காரர். 1933-ல் அவர் பாரிஸ் சர்வகலாசாலையில் நாடகத்தையும் கொள்ளைநோயையும் ஒப்பிட்டு ஒரு பிரசங்கம் செய்தார். கொள்ளைநோய் வந்த ஊரில் சட்டமும் மரியாதையும் கரைந்து மனிதனின் அடிமனம் வெளிப்படுவதுபோல, நாடகமும் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும் என்பது அவர் வாதம். 1935-ல் 'சென்சி குடும்பம்' என்ற நாடகத்தை எழுதி, இயக்கி, மகளைக் கெடுக்கும் தகப்பனாக அவரே நடித்தார். பதினேழு தடவையோடு அது நின்றுபோயிற்று. அதன் பிறகு அவர் வாழ்க்கையில் பெரும் பகுதி மனநோய் விடுதிகளில், மின்சார அதிர்ச்சிகளின் நடுவே கழிந்தது. 1948-ல் காலமானார். வாழ்ந்தபோது அவரைப் பொருட்படுத்தியவர்கள் சிலர்தான். இறந்த பின் அவர் சொன்னது வேதவாக்காயிற்று.

ஆனால் சிஷ்யர்கள் குருவின் வாக்கில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 'குரூர நாடகம்' என்று அவர் சொன்னது ரத்தத்தையும் கூச்சலையும் அல்ல. விட்டுக்கொடுக்காத கண்டிப்பை என்று அவரே விளக்கியிருக்கிறார். 1931-ல் பாரிஸில் நடந்த கண்காட்சிக்கு வந்த பாலித் தீவு நடனக்காரர்களைப் பார்த்து அவர் பிரமித்தது, விரல் நுனிவரை வகுக்கப்பட்டிருந்த அந்த இலக்கணத்தைக் கண்டுதான். அவர் கேட்டது இரண்டு: அடிமனம் வெளியே வரவேண்டும், இம்மி பிசகாத ஒழுங்கில் வரவேண்டும். 1960-களில் வந்தவர்கள் முதலாவதைக் கொண்டாடினார்கள். இரண்டாவது அவர்களுக்குச் சிரமமாக இருந்தது.

அந்தக் கொண்டாட்டத்தின் உச்சம் 1968. ஜூலியன் பெக், ஜூடித் மலினா தம்பதியின் 'லிவிங் தியேட்டர்' அவ்வருஷம் பிரான்சில் ஆவிஞோன் நகரத்தில் 'இப்போதே சொர்க்கம்' என்ற நாடகத்தை நடத்தியது. நடிகர்கள் சபையோரிடையே புகுந்து, பாஸ்போர்ட் இல்லாமல் பிரயாணம் செய்ய எனக்கு அனுமதி இல்லை, ஆடையைக் களைய எனக்கு அனுமதி இல்லை என்று ஒவ்வொரு தடையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். கடைசியில் பார்ப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு தெருவுக்குப் போவார்கள். அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகு போலீசாருடன் தகராறும் கைதும் ஆயிற்று. ஆனாலும் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதே வருஷம் நியூயார்க்கில் நடந்த வேறொரு பரீட்சை. ரிச்சர்ட் ஷெக்னர் இயக்கிய 'டயோனிஸஸ் 69' அது. யூரிப்பிடீஸின் 'பாக்கே' நாடகத்தை எடுத்துக்கொண்டு செய்தது. மூலத்தில் இருப்பது என்ன என்று தெரிந்தால்தான் பரீட்சையின் முடிவு விளங்கும்.

யூரிப்பிடீஸ் கி.மு. 406-ல் இறந்தார். மறு வருஷம் ஏதென்ஸில் அரங்கேறிய இந்த நாடகத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. தீப்ஸ் நகரத்து இளம் அரசன் பெந்தியூஸ். மதுவுக்கும் வெறிக்கும் தெய்வமான டயோனிஸஸ் அந்த ஊருக்கு வருகிறான். ஊர்ப் பெண்கள் எல்லாரும், அரசனின் தாய் அகாவே உள்பட, வீட்டைத் துறந்து மலைக்கு ஓடுகிறார்கள். அரசனுக்கு ஒழுக்கத்தில் மிகுந்த பற்று. இந்தக் கூத்தை அடக்கியே தீருவேன் என்று நிற்கிறான். அடக்குகிறவனுக்கு, மலையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய கற்பனை மட்டும் அசாத்தியமாக வளர்ந்திருக்கிறது. டயோனிஸஸ் மெதுவாக ஒரு கேள்வி கேட்கிறான்: அவர்களைப் பார்க்க உனக்கு ஆசையா? எவ்வளவு பொன் வேண்டுமானாலும் தருகிறேன் என்கிறான் அரசன். அந்தப் பதிலோடு அவன் கதை முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் அதன் விளைவுதான்.

ஒளிந்து பார்க்கப் பெண் வேஷம் வேண்டும். வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வந்தவன், சற்றுமுன் கர்ஜித்துக்கொண்டிருந்தவன், தன் நடை அம்மாவைப்போல் இருக்கிறதா, சித்தியைப்போல் இருக்கிறதா என்று கேட்கிறான். கலைந்த ஒரு சுருள் முடியைத் தெய்வமே ஒதுக்கிவிடுகிறது. உலக நாடகங்களில் இவ்வளவு சிரிப்பும் இவ்வளவு திகிலும் ஒன்றாகக் கலந்த காட்சி அதிகம் இல்லை. பிறகு அவன் மலையில் ஒரு மரத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறான். பெண்கள் அவனைக் கண்டுவிடுகிறார்கள். மரத்தை வேரோடு பிடுங்கிச் சாய்த்து, சிங்கம் என்று நினைத்து அவனைத் துண்டு துண்டாகக் கிழிக்கிறார்கள். முதலில் கை வைப்பவள் தாய்.

கவனிக்க வேண்டியது, இந்தக் கொலை மேடையில் நடக்கவில்லை. தூதன் ஒருவன் வந்து சொல்கிறான். அதன் பின் அகாவே மகனின் தலையோடு வருகிறாள், வேட்டையாடிய சிங்கத்தின் தலை என்ற பெருமிதத்தோடு. அவளுடைய தகப்பன் காட்மஸ் அவளைத் தெளிய வைக்கும் காட்சிதான் நாடகத்தின் சிகரம். அவன் கூச்சல் போடவில்லை. வானத்தைப் பார் என்கிறான். முன்போலவே இருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று கேட்கிறான். எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாய், உன் பிள்ளையின் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில், உன் கையில் இருப்பது யார் தலை என்கிறான். மனநோய் மருத்துவம் அறிந்த மானிடவியலாளர் ஜார்ஜ் தெவரோ 1970-ல் ஒரு கட்டுரையில் இதை ஒரு சிகிச்சைக் காட்சியாகவே ஆராய்ந்திருக்கிறார். அது பொருத்தம்தான். வெறி தீர்ந்ததால் அகாவே குணமாகவில்லை. வெறியில் செய்ததைக் கண்ணால் பார்த்ததால் குணமானாள். அந்தக் குணம் அவளுக்குப் பெரிய தண்டனையாகவும் இருந்தது.

ஷெக்னரின் நாடகம் வூஸ்டர் தெருவில், முன்பு தொழிற்கூடமாக இருந்த ஓர் இடத்தில், 1968 ஜூனில் ஆரம்பமாயிற்று. மேடை இல்லை, நாற்காலிகள் இல்லை. மரச் சட்டங்களால் கட்டிய உயரமான பரண்கள்; ஏறி உட்கார்ந்தோ, தரையிலோ பார்க்கலாம். சபையோரை ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுவார்கள். கூட்டமாக வந்தவர்கள் தனித்தனி ஆளாக வேண்டும் என்பது நோக்கம். நடிகர்கள் தங்கள் சொந்தப் பெயரையும் பெற்றோர் பெயரையும் சொல்லித் தொடங்குவார்கள். நியூகினித் தீவின் அஸ்மத் மக்களின் சடங்கை ஒட்டி, உடல்களாலேயே ஒரு குகை அமைத்து அதன் வழியே டயோனிஸஸைப் பிறப்பிப்பார்கள். சில மாதங்களில் ஆடைகளும் போயின. 1969 ஜனவரியில் மிச்சிகன் சர்வகலாசாலையில் நடத்தியபோது நடிகர்கள் கைது செய்யப்பட்டார்கள். பிரையன் டி பால்மா எடுத்த படமாக இன்றும் இதைப் பார்க்கலாம்.

இதெல்லாம் வெறும் பரபரப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பரவசம் எவ்வளவு சுலபமாகக் கொடுங்கோன்மையாக மாறும் என்று எச்சரிப்பதும் ஷெக்னரின் எண்ணமாக இருந்தது. பின்னாளில் நவீன நாடகம் சட்டமிட்ட மேடையைவிட்டு வெளியே வந்ததற்கு இந்தப் பரீட்சை ஒரு முக்கியமான காரணம். சிரிப்பு நாடகமும் குடும்ப நாடகமும் பார்த்துச் சலித்திருந்தவர்களுக்கு, யூரிப்பிடீஸ் பழம்பொருள் அல்ல என்று அது காட்டியது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அதன் இரண்டு சம்பவங்களைப் பற்றி நான் பேச விரும்புகிறேன்.

முதலாவது, தழுவல் காட்சி. மலையில் பெண்கள் இன்பமாக இருப்பதைக் காட்ட, நடிகர்களும் நடிகைகளும் சபையோரிடையே பரவி அவர்களை மென்மையாகத் தொடுவார்கள். ஆரம்பத்தில் அது ஆச்சரியமாகவும் கூச்சமாகவும் இருந்தது. செய்தி பரவியதும் அதற்காகவே வருபவர்கள் வந்தார்கள். தொடுவது பிடிப்பதாயிற்று. இதற்காகவா நாங்கள் இந்தக் குழுவில் சேர்ந்தோம் என்று நடிகைகள் எதிர்த்தார்கள். ஷெக்னரே பின்னால் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். கடைசியில் அந்தக் காட்சியை மாற்றவேண்டியதாயிற்று.

இதில் யாருடைய ஆசை விடுதலை பெற்றது? டிக்கெட் வாங்கிய மனிதருடைய ஆசை. அந்த விடுதலைக்கு யார் விலை கொடுத்தார்கள்? சம்பளம் அதிகமில்லாத இளம் நடிகைகள். ஒருவருடைய தடை நீங்குவது இன்னொருவருடைய உடம்பின் மேல் நடக்கிறது என்றால், அதற்கு விடுதலை என்று பெயர் வைப்பது சரியல்ல. வெளியே உலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பலமும் பலவீனமும் அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது என்பதே உண்மை. கீழே இறங்கி வந்த அந்த மனிதர் எதைக் கண்டுகொண்டார்? எதையும் கண்டுகொள்ளவில்லை. ப்ராய்ட் சொன்ன நோயாளியைப்போல அவர் செய்தார், செய்ததைப் பார்க்கவில்லை. பரணில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் பெந்தியூஸின் மரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். வானத்தைப் பார் என்று அவரிடம் சொல்ல ஒரு காட்மஸ் இல்லை.

இரண்டாவது சம்பவம் இன்னும் விசித்திரமானது. ஒருநாள் க்வீன்ஸ் கல்லூரி மாணவர்கள் சிலர் முன்கூட்டியே திட்டமிட்டு வந்து, பெந்தியூஸைப் பலி கொடுக்கும் சமயத்தில் அந்த நடிகரைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். ஒரு மனிதன் கொல்லப்படுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம் என்று அர்த்தம். சபையோரும் பங்கெடுத்துக்கொள்ளலாம் என்று அழைத்த நாடகம் இப்போது என்ன செய்வது என்று திகைத்தது. பார்க்க வந்தவர்களில் ஒருவரைப் பெந்தியூஸாக வைத்து நாடகத்தை முடித்தார்கள். ஆசையோடு இறங்கி வந்தவனுக்கு இடம் கொடுத்த நாடகத்தில், இரக்கத்தோடு இறங்கி வந்தவனுக்கு இடம் இல்லை. அடிமனத்தில் இருப்பது காமமும் குரூரமும் மட்டும்தான் என்று முடிவு செய்துகொண்டவர்களுக்கு, அங்கே அன்பும் அடங்கிக் கிடக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

அப்படியானால் அடக்கிய ஆசைக்கும் மேடைக்கும் சம்பந்தமே வேண்டாமா என்று வாசகர்கள் கேட்கலாம். வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். இதற்கு ஓர் உதாரணம் அதே காலத்தில், ஷெக்னருக்கே ஆசானாக இருந்த ஒருவரிடம் கிடைக்கிறது. போலந்துக்காரர் யெர்ஸி க்ரோட்டோவ்ஸ்கி 1967-ல் நியூயார்க்கில் நடத்திய பயிற்சியில் ஷெக்னர் கலந்துகொண்டார். அவர் குழு செய்த அப்பியாசங்கள் அங்கே கற்றவை. க்ரோட்டோவ்ஸ்கி 1965-ல் வ்ரோத்ஸ்வாவ் நகரத்தில் கால்தெரோனின் 'அசையாத இளவரசன்' என்ற நாடகத்தை மேடையேற்றினார். பகைவரிடம் சிறைப்பட்டு, சித்திரவதைக்கும் பணியாமல் உயிர்விடும் ஒரு இளவரசனின் கதை. நடித்தவர் ரிஷார்ட் சீஸ்லாக். சபையோர் சில பத்துப் பேர்தான். உயரமான ஒரு மரவேலிக்கு வெளியிலிருந்து, ஆபரேஷன் அறையை எட்டிப் பார்க்கும் மாணவர்களைப்போல, கீழே நடப்பதைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. பார்த்தவர்கள் ஆயுள் முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

1990-ல் சீஸ்லாக் இறந்த பிறகு க்ரோட்டோவ்ஸ்கி ஒரு ரகசியத்தைச் சொன்னார். இளவரசனின் வேதனைக்காக அந்த நடிகர் எந்த வேதனையையும் நினைத்துக்கொள்ளவில்லை. இளம் பிராயத்தில் தனக்கு நேர்ந்த முதல் காதலின் அனுபவத்தை, அதில் உடம்பு அடைந்த நடுக்கத்தையும் பிரார்த்தனை போன்ற நெகிழ்வையும், இருவருமாக எத்தனையோ மாதங்கள் உழைத்து, அசைவு அசைவாக மீட்டெடுத்திருந்தார்கள். சபையோர் கண்டது ஒரு தியாகியின் மரணம். நடிகரின் உடம்பில் ஓடியது ஓர் இளைஞனின் காதல். அடக்கிய ஆசைக்கு மேடை இப்படித்தான் உதவ முடியும் என்று நினைக்கிறேன். ஆசை அங்கே அழிக்கப்படவில்லை, கட்டவிழ்த்து விடப்படவுமில்லை. அது வேறொன்றாக ஆயிற்று. ஆர்த்தோ கேட்ட இரண்டும் அங்கே ஒருங்கே இருந்தன.

ஷெக்னரும் தேங்கி நின்றுவிட்டவர் அல்ல. 1970-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் பயின்றார். பிறகு காசிக்கு எதிரே ராம்நகரில் நடக்கும் ராமலீலையைப் பல வருஷங்கள் ஆராய்ந்தார். சுமார் ஒரு மாதம் ஊர் முழுவதும் இடம் மாறி மாறி நடக்கும் நாடகம் அது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் ராமன் பின்னாலேயே நடக்கிறார்கள், அழுகிறார்கள், ஜயகோஷம் செய்கிறார்கள். சபையோர் பங்கெடுத்துக்கொள்ளும் நாடகம் என்றால் இதைவிட வேறு எது? ஆனாலும் யார் எங்கே நிற்பது, எப்போது குரல் கொடுப்பது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வரம்பு இருப்பதால் உணர்ச்சி குறைந்துவிடவில்லை. வரம்பை நம்பித்தான் அது கரை புரள்கிறது.

நாவல் படிப்பவர்களுக்கு இந்த உண்மை ஏற்கெனவே தெரிந்த ஒன்றுதான். தனி அறையில் விளக்கு வைத்துக்கொண்டு ஒரு பாபியின் கதையைப் படிக்கிறோம். அவனோடு சேர்ந்து ஆசைப்படுகிறோம், அவனுக்காகப் பயப்படுகிறோம். எந்தப் பக்கத்திலும் நாம் எழுந்து அவன் செய்வதைச் செய்வதில்லை. கை புஸ்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கை சும்மா இருப்பதால்தான் கண் அவ்வளவு தூரம் போகிறது. நாடகக் கொட்டகையின் நாற்காலியும் அப்படிப்பட்டதே. புது நாடகக்காரர்கள் அதைக் கோழைத்தனத்தின் சின்னமாக நினைத்தார்கள். என்னைக் கேட்டால், பார்க்கத் துணிந்தவனுக்கு அது ஒரு தைரியம்.

தணிக்கை அதிகாரியும் தீவிர நாடகக்காரரும் ஜன்ம விரோதிகள். ஆயினும் இருவரும் ஒரே தப்பபிப்பிராயத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். காட்டுவதும் செய்வதும் ஒன்றே என்று இருவருமே நம்புகிறார்கள். அதனால்தான் ஒருவர் காட்டாதே என்கிறார். இன்னொருவர் செய்துவிடு என்கிறார். ஒழுக்கமுள்ள பெந்தியூஸ் அடக்கினான், பிறகு ஒளிந்து பார்த்தான், அழிந்தான். நேராக, வெளிச்சத்தில், எல்லாரோடும் உட்கார்ந்து பார்க்கும்படி அவனுக்கு ஓர் இடம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருக்கக்கூடும். அந்த இடத்தைத்தான் ஏதென்ஸ்காரர்கள் ஒரு மலைச்சரிவில் கட்டி வைத்து, வருஷம் தவறாமல், அதே டயோனிஸஸின் திருவிழாவில் போய் உட்கார்ந்தார்கள்.